கையில் கத்திரி

நாகஜோதி பனியனை உள்பக்கம் திருப்பிப் போட்டு, தையல் ஓரத்தில் பிசிறு தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது அன்றாட வேலைதான். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைச் சுற்றி உட்கார்ந்து பிசிறு தேடியவர்கள் எல்லாரும் எழுத்தாளர்கள்.

பெருமாநல்லூர் எழுத்தாளர் சங்கம் கொரோனாவில் படுத்தது, போன மாதம்தான் எழுந்து உட்கார்ந்தது. பழைய வாடகை அறை குடோனாகிவிட்டது. பனியன் கம்பெனி முதலாளி வெள்ளியங்கிரி தன் செக்கிங் ரூமைச் சும்மா கொடுத்தார். இந்த மாதம் ஒரு நிபந்தனை போட்டார்.

"காது கதை கேக்கட்டும், கை பிசிறு வெட்டட்டும்."

ஆளுக்கொரு குட்டிக் கத்திரி. யார் பையிலோ போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்கக் கை ஒழியவில்லை.

தலைவர் கிட்டுசாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஏனம்மிணி, நாம கதை படிக்க வந்தமா, ஷிப்ட் பார்க்க வந்தமா?"

"அட, நீங்க வேறங்க" என்றாள் கவிதை எழுதும் சித்ரகலா. "எனக்குப் பிசிறே கண்ணுல தட்டுப்பட மாட்டேங்குது. கண்ணாடி மாத்தோணுமாட்ட இருக்குது. வெட்டற மாதிரி சும்மா கத்திரிய ஆட்டிட்டு இருக்கறனுங்க."

"அங்க பாருங்க," என்றார் கிட்டுசாமி. "மொதலாளி கதவுகிட்ட நின்னு சூப்பர்வைசராட்டப் பாக்கறாரு. ஓசியில எடத்தக் குடுத்து ஓசியில வேலை வாங்கறாரு. எந்திரிங்க. இனிமேட்டு டவுன்ல கூடிக்கலாம்."

டவுன் என்றதும் நாகஜோதி கத்திரியைக் கீழே வைத்தாள். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு எங்கே போவது? இன்றைக்குப் படிக்க அவளும் ஒரு கதை கொண்டுவந்திருந்தாள்.

போன மாதமும் கொண்டுவந்தாள்தான். அன்று ஒருவர் கதை படிக்க, மற்றவர்கள் குனிந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். கொரோனா காலத்தில் போனிலேயே கூட்டம் நடத்திப் பழகிய விரல்கள். படித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அதைப் பார்த்து இவளும் கதையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கதவருகில் நின்ற வெள்ளியங்கிரியும் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்றைக்கு அப்படி இல்லை. படித்தவரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், உச்சுக் கொட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் இவளுக்கும் தைரியம் வந்தது.

இப்போது கிளம்புகிறார்களே.

சித்ரகலா சொன்னதுபோல் நாகஜோதிக்கும் இதுவரை ஒரு பிசிறுகூடச் சிக்கவில்லை. பக்கத்தில் பிரிக்காமல் கிடந்த பனியன் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். கட்டியிருந்த முடிச்சு அவள் கை முடிச்சு. நேற்று சாயங்காலம் போட்டது. சட்டென்று கதவுப் பக்கம் பார்த்தாள். வெள்ளியங்கிரி சொல்லிவிடாதே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

கிட்டுசாமி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஐயா, ஒரு நிமிசம்." அந்தக் கூட்டத்தில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. "இதுல வெட்டுறதுக்குப் பிசிறே கிடையாதுய்யா. நேத்தே நாங்க வெட்டி முடிச்சுக் கட்டி வச்ச பீஸு. முதலாளிக்கு உங்களால ஒரு வேலையும் ஆகல. கையில கத்திரி இருந்தா போன நோண்ட மாட்டீங்க, படிக்கிறவங்க முகத்தப் பாப்பீங்கன்னுதான் அவரு உங்க எல்லாத்தையும்…"

"நாகஜோதி, பேச்சுப் போதும்" என்று அவசரமாகக் கூப்பிட்டார் வெள்ளியங்கிரி. "முன்னால வந்து உன்ற கதையப் படி கண்ணு."