துறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது

"மூடிடு, இனோங்கே. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குப் புதுக் கூரை?" என்றாள் நசிலேலே.

இனோங்கே மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நசிலேலேயின் மின்மடல் குழுவைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றக் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"நடு ஆத்துல படகை நிறுத்திட்டு இறங்குன்னா நான் எங்கே இறங்குறது, அண்ணி?"

மோங்கு ஊரின் மேட்டில் இருந்தது அந்த வீடு. கீழே சமவெளி முழுக்க சாம்பேசி ஆறு ஏறி நின்றது.

வெள்ளம் வரும் பருவத்தில் நசிலேலே தினமும் துறைக்குப் போய்த் தண்ணீரைப் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து மடல் எழுதுவாள். லுசாகா, விண்ட்ஹூக், லீட்ஸ் என்று சிதறிப்போன சமவெளிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அது போகும்.

எந்த மேடு மூழ்கியது, யார் மாட்டை முன்னாலேயே ஓட்டினார்கள் என்று ஏழெட்டுப் பேர் பதில் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். மற்ற நூற்றுக்கணக்கான பேர் வாய் திறந்ததே இல்லை.

போன மாதம் அவள் தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. 'லுபிந்தாவை அடக்கம் செய்துவிட்டோம்' என்று கணவனைப் பற்றி ஒரே வரி எழுதினாள்.

அதற்கும் அந்த ஏழெட்டுப் பேர்தான் பதில் போட்டார்கள்.

அவள் மனசில் அன்றைக்கே குழுவை மூடியாயிற்று.

"மூடவெல்லாம் வேணாம், அண்ணி. களை எடுத்தா போதும். இதுவரைக்கும் ஒரு வரிகூட எழுதாத முகவரி எல்லாம் செத்த முகவரி. புது இடத்துக்கு அதுங்களை ஏத்தப் போறதில்ல. எங்க அண்ணனும் அந்தக் கூட்டம்தான். நானே அவன் போன்ல முகவரி போட்டுக் கொடுத்தேன். உயிரோட இருந்தப்பவே ஒரு வரி..."

இனோங்கே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு, சொல்லு. 'தண்ணி வந்ததைச் சொல்ல ஒரு கணினியாம், கதவைத் திறந்தா தெரியுது'ன்னு ஊர் பூரா சொல்லிச் சிரிச்ச மனுஷன்தானே? நீ எழுதறதை எவன் படிக்கிறான்னு என்கிட்டயே கேட்டவரு."

திண்டாட்டத்தோடு இனோங்கே பேச்சை மாற்றினாள். பழைய சர்வரில் ஓரமாக ஒரு பெட்டி உண்டு. எழுத்தே இல்லாமல் வரும் மடலைக் குழுவுக்கு அனுப்பாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளும். விளம்பரக் குப்பைதான் வந்து விழும் என்று யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

"இதைக் கொட்டிட்டா வேலை முடிஞ்சுது. அடேயப்பா, எவ்வளவு கிடக்கு! பாருங்க, உள்ளே ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை. பதில்னு அமுக்கிட்டு ஒண்ணும் எழுதாம அனுப்பியிருக்காங்க. தெரியாம அமுக்கியிருப்பாங்க."

"இத்தனை பேருமா?"

வாசலில் நிழல் விழுந்தது. மீன்காரி. கூடையை இறக்கி வைத்து, மண்டியிட்டு, சத்தம் வராமல் இரண்டு முறை கைதட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. சமவெளியில் அதுதான் மரியாதை; அது முடிந்த பிறகுதான் மீன் பேச்சு.

நசிலேலே இருந்த இடத்திலேயே பதிலுக்குக் கைகளைக் குவித்தாள். ஒரு தட்டு தட்டினாள்.

இரண்டாவது தட்டுக்குக் கைகள் சேரவில்லை.

"இனோங்கே, நகரு."

'துறைக்குத் தண்ணீர் வந்துவிட்டது' என்று அவள் எழுதிய மடல். அதற்குக் கீழே வெற்று மடல்கள். அடுத்த நாள் மடல். அதற்குக் கீழேயும். பெரியவர் ஒருவர் பேசி முடித்தால் கூட்டம் என்ன செய்யுமோ, அதைத்தான் அவர்கள் செய்திருந்தார்கள். கை தட்டுவதற்கு எழுத்து எதற்கு?

போன மாதத்து ஒரு வரிக்கு வந்தாள்.

விண்ட்ஹூக்கிலிருந்து. லீட்ஸிலிருந்து. கலாபோ பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஒரே ஒரு தரம் படகில் பார்த்த ஒருவர். பெயருக்குக் கீழே பெயர். கரை எங்கே என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது, மேட்டிலிருந்து பார்க்கும் வெள்ளம் மாதிரி. துக்க வீட்டு வாசலில் வந்து குந்தி, தட்டிவிட்டு, ஒருவரும் பேசாமல் போயிருக்கிறார்கள்.

"அம்மாடி" என்றாள் இனோங்கே.

"புதுசும் இதையெல்லாம் பிடிச்சு வைக்குமா?"

"ஒரு குறியை எடுத்தா போதும், அண்ணி. எல்லாருக்கும் போயிடும்."

"எடு. வெள்ளையாவே போகட்டும்."

"எழுதாதவங்க?"

"ஒருத்தரையும் விடாம ஏத்து."

"அண்ணனையும்..."

நசிலேலே பழைய வருடங்களின் மடல்களுக்குள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் ஏறிய வருடங்கள், ஏறாத வருடங்கள். ஒவ்வொரு மடலின் கீழும் முதல் தட்டு ஒரே ஆளுடையது. அவள் அனுப்பிவிட்டு எழுந்து தேநீர் வைப்பதற்குள், முன்வாசலில் போனோடு உட்கார்ந்திருந்த ஆள் தட்டிவிட்டிருக்கிறார்.

லுபிந்தா. லுபிந்தா. லுபிந்தா.

மறுபடி மேலே வந்தாள். அந்த ஒரு வரி மடலின் கீழ் மட்டும் முதலில் வேறு பெயர் இருந்தது.

"அவரைத்தான் முதல்ல ஏத்து" என்றாள்.

நாற்காலியை விட்டு இறங்கினாள். திரையைப் பார்த்துத் தரையில் மண்டியிட்டு, மெல்ல இரண்டு முறை கைதட்டினாள்.

வாசலில் இருந்த மீன்காரி, தனக்குத்தான் என்று எண்ணி, பதிலுக்குத் தட்டினாள்.