பத்தாவது பொத்தான்

தையல்காரரின் மனைவி வயலினில் ஒரே வரியைப் பிசகாமல் பத்து முறை வாசிக்கப் பார்க்கிறாள். சரியாக வாசித்த ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை இடது கிண்ணத்திலிருந்து எடுத்து வலது கிண்ணத்தில் போடுகிறாள். ஒரு தடவை பிசகினாலும் எல்லாம் பழையபடி இடது கிண்ணத்துக்கே. ஒன்பது விழுந்தாயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு வில்லை இழுக்கிறாள். பின்னால் கத்தரிக்கோல் ணங்கென்று விழ, வில் கிறீச்சிடுகிறது. "நேத்தும் ஒன்பதுலதாங்க விழுந்துச்சு." "கை தவறிடுச்சும்மா. வராததை ஏன் கட்டிக்கிட்டு அழற?" கணவரின் குரலில் தேன் ஒழுகுகிறது. அவள் பொத்தான்களைத் திருப்பிக் கொட்டி மறுபடி வாசித்து, ஒன்றைப் போடுகிறாள். எதிரே, வாடிக்கையாளர்கள் அளவு பார்க்கும் கண்ணாடியில் அவர் தெரிகிறார். கத்தரிக்கோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி வைத்துவிட்டு, உதடு மட்டும் அசைய எண்ணுகிறார்: ஒன்று.