அரை விரல்கடைப் பாதை

சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடத்தின் நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர்களை வைத்துவிட்டு, அம்சவேணி குனிந்து பார்த்தாள்.

வடக்கே ஜனக்புரியில் இந்த வீட்டைப் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைக்கிறாள். பூகோள டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற மேடம் சேர்த்துவைத்த பழைய வரைபடங்களை எத்தனையோ முறை தூசி தட்டியிருக்கிறாள். அதிலொன்றில் தன் ஊர் சுருண்டு கிடக்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

1932 என்று மேடம் வாசித்துச் சொன்னார்.

எழுத்துதான் இங்கிலீஷ், ஊர் அவளுடையதுதான். ஏரி, மதகு, ரயில் ரோடு, ஐயனார் கோயில். ஒற்றைப் பனைமரத்தைக்கூட விடவில்லை வரைந்த மகராசன். எந்த வெயிலில் நடந்தானோ. ஊரார் ஒதுக்கி வைத்த அவள் தெருவும் ஆறு சின்னக் கட்டங்களாக இருந்தது. 

ஆனால் தேடியது வேறு. தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதை.

அது தன் நிலம், அங்கே எந்தக் காலத்திலும் பாதை இருந்ததில்லை என்று வயல்காரர் வேலி போட்டுவிட்டார். பழைய ஆதாரம் ஏதாவது காட்டுங்கள், திறந்துவிடுகிறேன் என்கிறார் அங்கேயே வந்து நிற்கும் தாசில்தார். நேற்று ரயிலேறக் கிளம்பியவளைத் தம்பி முத்துதான் தடுத்தான். வரவேண்டாம், உன் மேடம் வீட்டு மேப்பில் தேடு என்றான்.

மேடத்தின் விரல் ஓரிடத்தில் நின்றது.

சிவப்பாக, எறும்பு வரிசை போல விட்டுவிட்டுப் போட்ட ஒரு கோடு. தெருவில் தொடங்கி, வயலைக் குறுக்கே தாண்டி, சுடுகாட்டில் முடிந்தது. அரை விரல்கடை நீளம்.

பக்டண்டி என்றார் மேடம். ஒற்றையடிப் பாதை.

தொண்ணூறு வருடத்துக்கு முன்பே யாரோ பார்த்து, காகிதத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கை தானாகக் குவிந்தது.

படமெடுத்து அனுப்பினாள். அரைமணி கழித்து முத்து வீடியோவில் வந்தான். பின்னால் வேலிக் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, தாசில்தார் ஒத்துக்கிட்டாரு. தூக்கப் போறோம். அம்மா மொகத்த ஒருதரம் பாத்துக்க.”

பார்த்தாள்.

பறைச் சத்தம் நகரத் தொடங்கியதும், விரலை வரைபடத்தில் தன் தெருவின் மேல் வைத்தாள்.

அவர்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அம்சவேணியின் விரல் நிற்கவில்லை.