பச்சை வட்டம்

உத்திரமேரூர் வட்டாரத்தில் யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று முடிவு செய்கிறவன் நான்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்லூரி கொடுத்த பொறுப்பு. கழுத்தில் அட்டைகூட மாட்டியிருக்கிறார்கள்.

தலைக்கு மேலே பேனர்: 'இளையோரையும் முதியோரையும் இணைக்கும் தொழில்நுட்பம்.' இளையோர் என்றால் முதலாமாண்டு படிக்கும் நானும் தினேஷ்குமாரும். முதியோர் என்றால் நூலகத்துக்கு வெளியே வெயிலில் நிற்கிற வரிசை. தொழில்நுட்பம் என்றால் கல்லூரி கொடுத்த ஒரே ஒரு செல்போன். முகாமைத் தாண்டி அதை எடுத்துப்போகக் கூடாது.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை தாங்கள் இன்னும் சாகவில்லை என்று காட்டியாக வேண்டும். திரையில் ஒரு வட்டம் வரும். அதற்குள் முகத்தை வைத்து இரண்டு கண்களையும் சிமிட்ட வேண்டும். பச்சையானால் ஆள் இருக்கிறார். சிவப்பானால் காஞ்சிபுரம் ஆபீசுக்குப் போய், மாடி ஏறி, நேரில் இருந்து காட்ட வேண்டும். இல்லையென்றால் பென்ஷன் நின்றுவிடும்.

இன்று கடைசி நாள்.

சிமிட்டுவது பெரிய வேலை இல்லை. ஆனால் இவர்கள் செல்போனோடு பேசுகிறார்கள்.

கண்டக்டராக இருந்த முத்துவேல், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு கைகூப்பினார்.

"கீறேன் சார். ஒரு கொறையும் இல்ல சார்."

"பெரியவரே, உள்ள யாரும் குந்திக்கினு இல்ல. இது செல்லு."

"தெரியும்பா. எங்கியோ ஒருத்தன் பாத்துக்கினுதான இருப்பான்? சொல்லி வெச்சா நல்லது."

பச்சை.

அவருக்குப் பின்னால் வந்த சசிரேகா டீச்சரும் தான் உயிரோடு இருப்பதாகச் செல்போனிடம் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "கேட்டிருக்குமா தம்பி, இல்ல சத்தமா சொல்லணுமா?" என்றார்.

மதியத்துக்குள் அதை நான் நடித்துக் காட்டத் தொடங்கியிருந்தேன். பட்டன், கும்பிடு, குரலில் கொஞ்சம் நடுக்கம். வரிசையே சிரித்தது. தினேஷ்குமாருக்கு டீ புரையேறியது.

ஒரு அம்மாவுக்குச் சிவப்பு வந்தது. இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கெஞ்சினார்.

"நான் இன்னாம்மா பண்றது? செல்லு சொன்னா சொன்னதுதான்."

வரிசை தீர்ந்த பிறகு ஒரு ஆட்டோ வந்தது.

அதை ஓட்டிவந்த காவாந்தண்டலம் சிவக்குமார் அண்ணன் ஒருவரைத் தூக்கி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். வாதம் வந்த உடம்பு. முகத்தில் இடது பாதி தொங்கியிருந்தது. பேச்சும் கிடையாது.

நான் வட்டத்தைக் காட்டினேன்.

வலது கண் சிமிட்டியது. இடது கண் அப்படியே இருந்தது.

சிவப்பு.

அந்தக் கண் மூடாது. தூக்கத்திலும் பாதி திறந்தேதான் இருக்கும்.

மறுபடியும் சிவப்பு.

இமையின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இழுத்து மூடினேன். சிவக்குமார் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விரல் வட்டத்துக்குள் தெரிந்தது. சிவப்பு.

"இங்க வரதுக்குள்ளியே ரெண்டு வாட்டி சாஞ்சிட்டாரு," என்றார் அண்ணன். "காஞ்சிபுரம் வரைக்கும் தாங்காதுடா."

பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்த தினேஷ்குமார் அங்கிருந்தே கத்தினான். "இன்னாடா, செல்லு இன்னா சொல்து?"



மறுபடியும் வட்டத்தை வரவைத்தேன். அவர் முகத்தை அதற்குள் வைத்தேன். வலது கண் சிமிட்டியது.

என் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டேன். செல்போன் பக்கமாகக் குனிந்தேன். தினேஷ்குமாருக்குக் கேட்காத அளவுக்குத்தான் குரல் வந்தது.

"கீறாரு சார்," என்றேன். "எங்கப்பா சார்."