பாஸ்போர்ட் சைஸ்

“இதுலயும் கண்ண மூடிக்கினு கீறியேப்பா!”

ஸ்டுடியோக்காரர் ரங்கசாமி ஈரம் காயாத போட்டோவை நீட்டினார். அன்பழகன் வாங்கிப் பார்த்தான். ஒரு தடவை என்றால் சரி, ரெண்டு தடவை என்றால்கூடப் போகட்டும். இது மூன்றாவது தடவை!

“சத்தியமா தெறந்துதான் சார் வெச்சிருந்தேன். இமைக்கக்கூட இல்ல.”

“நான் இன்னாப்பா பண்றது? கேமராவுல இன்னா வுழுதோ அதான வரும்.”

அவன் பெண்டாட்டி அன்புச்செல்வி படத்தைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஐயோ! நெத்தியில ஒத்த ரூபா காசு வெச்சாப் போதும்போல கீதே! பாஸ்போர்ட்டும் வோணாம், ஃபாரின் வேலையும் வோணாம். சாமி மூணு வாட்டி சொல்லிட்டுது. வாங்க, வூட்டுக்குப் போயிடலாம்.”

“சும்மா இருடி. நீ வேற பேஜார் பண்ணிகினு!”

அதட்டிவிட்டுப் படத்தை அவனே மறுபடி வாங்கிப் பார்த்தான். படத்தில் இருப்பவன் தூங்குகிற ஆள் மாதிரி இல்லை. தூங்குகிறவன் முகத்தில் மூச்சு தெரியும். இதில் தெரியவில்லை.

அவன் ஊர் படவேட்டிலிருந்து ஆரணிக்கு ஒரு நாளைக்கு நாலே பஸ். ஒவ்வொரு போட்டோவுக்கும் ஒரு நாள் வேலை கெட்டது. பவர்லூம் முதலாளி முறைக்கிறார். ஏஜெண்டு ஜெயக்குமாரோ, “வெள்ளிக்கிழமை காலைல ஃபாரம் மெட்ராசுக்குப் போவுது. போட்டோ இல்லன்னா உன் எடத்துல வேற ஆளு. ரெண்டே வருசம்யா, திரும்பி வந்து கல்லு வூடு கட்டலாம். ஜல்தியா முடி!” என்று விரட்டுகிறான். இந்த ஸ்டுடியோவைக் காட்டியதே அவன்தான். அவன் அனுப்புகிற ஆட்கள் எல்லாருக்கும் இங்கேதான் போட்டோ.

இன்றைக்கு வியாழன்.

“இன்னும் ஒரே ஒரு வாட்டி எடுங்க சார்.”

ரங்கசாமி லைட்டை அணைத்தார்.

“தப்பா நெனைக்காத தம்பி. முப்பது வருசமா இதான் என் தொழிலு. மூணு வாட்டி இப்டி வுழுந்தா நல்லதுக்கில்ல. இந்த வேலைய வுட்டுடேன்.”

அன்புச்செல்வி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். அன்பழகனுக்கு வந்ததே கோபம்! ஊருக்குக் கிளம்புகிறவனைப் பார்த்துப் பெரிய மனிதர் பேசுகிற பேச்சா இது? அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இன்னொரு ஸ்டுடியோ இருந்தது. ஒரு மணி நேரத்தில் போட்டோ என்று போர்டு. உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தவன் கண்ணை அகல விரித்துக்கொண்டான். இங்கேயும் மூடியிருந்தால்? வாசலில் நின்ற அன்புச்செல்வி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

படம் வந்தது. வாங்கியவன் கவிழ்த்தே வைத்திருந்தான். பிறகு மெல்லத் திருப்பினான்.

ரெண்டு கண்ணும் பளிச்சென்று திறந்திருந்தன!

“த பாருடி! உன் புருசன் நல்லா முழிச்சிகினுதான் கீறான்!”

சிரிப்பு பாதியிலேயே நின்றது. அப்படியென்றால் அந்தக் கிழவன்? பாவி, வேண்டுமென்றே செய்திருக்கிறான்! எவனோ வயிற்றெரிச்சல்காரன் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அன்பழகன் வந்த வழியே திரும்பி ஓடினான். அன்புச்செல்வி பின்னாலேயே ஓடினாள்.

“யோவ்! இதப் பார்யா. கண்ணு தெறந்து கீதா, இல்லியா? மூணு வாட்டி என்னை இன்னாய்யா பண்ண?”

ரங்கசாமி மறுக்கவே இல்லை.

“லைட்டு சூடா கீது, நான் சொல்ற வரைக்கும் கண்ண மூடிக்கன்னு சொன்னேன்ல? அப்பவே எடுத்துட்டேன். நீ தெறந்தப்புறம் கேட்டது வெறும் சத்தம்.”

“அடப்பாவி!”

போட்டோவைக் கீழே போட்டுவிட்டு அன்பழகன் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். அவர் திமிறவில்லை. கையை மட்டும் நீட்டி உள்ளறைத் திரையை விலக்கினார்.

சுவரில் நாலு படம். கண்ணாடி போட்டு, பொட்டு வைத்து, பூச் சாத்தியிருந்தது. நாலும் இளவட்டம். நாலு பேரும் மாட்டியிருந்தது ஒரே கோட்டு. போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கென்று ஸ்டுடியோ ஆணியில் தொங்குமே, அந்தக் கோட்டு. அன்பழகனும் மூன்று தடவையும் அதைத்தான் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

எட்டுக் கண்களும் அவனையே பார்த்தன. சட்டையைப் பிடித்திருந்த கை தானாக விட்டது.

“யார் சார் இவங்க?”

“ஜெயக்குமார் அனுப்பின பசங்க. இவன் சந்தவாசல், அவன் வெம்பாக்கம். நீ போறியே, அதே கம்பெனி. ரெண்டு வருசத்துக்குள்ள ஒவ்வொருத்தனா பொட்டியில வந்து எறங்கினானுங்க. நெஞ்சு வலின்னு ஒரு காயிதம், அவ்ளோதான்.”

அன்புச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மொதல் பையன் பொட்டியில வந்தப்புறம் மத்த மூணு பேருக்கும் வாய்வுட்டுச் சொன்னேன், போவாதீங்கடான்னு. பொறாமைன்னாங்க. பேச்சுக்குப் பயப்படாதவன் சகுனத்துக்காவது பயப்படுவான்னுதான் உனக்கு இப்டிப் பண்ணேன்.”

ரங்கசாமி கீழே விழுந்து கிடந்த புதுப் போட்டோவைக் குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, அன்பழகன் கையில் வைத்தார்.

“இந்த நாலு பேருக்கும் வேற போட்டோவே கெடையாது தம்பி. நான் எடுத்த பாஸ்போர்ட் படத்தத்தான் பெத்தவங்க கொண்டாந்து, மாலை போடணும், பெருசு பண்ணிக் குடுன்னாங்க. போறது உன் இஷ்டம். ஆனா இன்னொண்ணு பெருசு பண்ண என் கையால ஆவாதுப்பா.”