எட்டாம் மாதத்து ஜாடி

கடைசிப் பெட்டியின் முன்னால் வந்ததும் அம்மா நின்றுவிட்டாள்.

"இங்க இருந்த ஜாடி எங்கடி?"

அருங்காட்சியகக் காப்பாட்சியரான மகளுக்குச் சிரிப்புதான் வந்தது. திறப்பு விழாக் கூட்டம் சேருவதற்கு முன், புதுக் கூடத்தை அம்மாவுக்கு நிதானமாகச் சுற்றிக் காட்டலாம் என்று கையோடு கூட்டி வந்திருந்தாள். அம்மாவோ பழையதைத் தேடுகிறாள். எப்போதோ வந்து பார்த்திருப்பாள் போல.

முன்பு பள்ளிப் பிள்ளைகள் பார்த்துப் பயந்துபோகும் கூடமாக இருந்தது அது. வரிசையாக ஜாடிகள். மருந்துத் தண்ணீரில் மிதக்கும் நிஜக் கருக்கள், மாதத்துக்கு ஒன்றாக, எட்டாம் மாதம் வரை.

காலம் மாறிவிட்டது, சம்மதமில்லாமல் மனித உடலைக் காட்சிக்கு வைப்பது இனி எடுபடாது என்று இயக்குநரின் காது புளிக்கும்வரை ஓதி, ஒருவழியாக அதை மாற்ற வைத்தவள் அவள்தான்.

இப்போது பெட்டிகளில் சிலிக்கோன் பொம்மைகள். பட்டனை அழுத்தினால் இதயம் துடிக்கும். பக்கத்திலேயே, குழந்தையை இழந்த பெற்றோருக்கென்று ஒரு பலகை. அதிலிருந்த ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது.

எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"பாவம்மா அதுங்க. பெத்தவங்க ஒருத்தரையும் கேக்காமலே கொண்டுவந்து வெச்சிருக்காங்க."

அம்மா பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக் கேட்டாங்க."

காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"எட்டாம் மாசம். உயிரில்லாம பொறந்துச்சு. நாலு பிள்ளைங்க பாத்துப் படிக்கும், குடுக்கிறியாம்மான்னு டாக்டரம்மா கேட்டாங்க. மண்ணுக்குள்ள போறதுக்கு வெளிச்சத்துல இருக்கட்டுமேன்னு நான்தான் சரின்னேன். உனக்கு மூத்தவ."

காப்பாட்சியர் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு மூத்தவள் என்ற மிதப்பில் தம்பியை அதட்டியே வளர்ந்தவள் அவள்.

அந்த ஜாடியைத் துணியால் துடைத்திருக்கிறாள். உள்ளே மருந்து குறைந்தால் ஊற்றியிருக்கிறாள். இது காது, இது நகம் என்று குச்சியை நீட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறாள்.

"முன்னெல்லாம் டிக்கெட் எடுத்து வந்து பாத்துட்டுப் போவேன். நீ இங்க வேலைக்குச் சேர்ந்தப்புறம் வர்றதில்ல. அதான் பக்கத்துல நீ இருக்கியேன்னு."

இந்த வேலை கிடைத்த அன்று அம்மா தேம்பித் தேம்பி அழுதாள். மகள் நல்ல வேலைக்குப் போகிறாளே என்ற ஆனந்தம் என்றுதான் வீடே நினைத்தது.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொன்னா நீ எப்படி இங்க வேலை பாப்ப?"

வெளியே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப எங்க வெச்சிருக்கீங்க அவளை?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"அடக்கம் பண்ணிட்டோம்மா. போன வாரம்."

எல்லாவற்றையும் ஒரே குழியில், முழு மரியாதையோடு என்று அறிக்கையில் எழுதியிருந்தாள். அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"கிட்ட யாரு இருந்தாங்க?"

"ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேரு. அப்புறம் நான். முதல் பிடி மண்ணு நான்தாம்மா போட்டேன்."

"எந்தக் கையால?"

காப்பாட்சியர் வலது கையை நீட்டினாள்.

அம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கித் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.