பெருக்கல் குறி

மனைவி எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும் கணவர்தான் முதலில் படிப்பார், கையில் சிவப்புப் பென்சிலோடு.

"ஒரு கோடுன்னா கவனமா படி. ரெண்டு கோடுன்னா சாயங்காலம் கேள்வி கேப்பேன். பெருக்கல் குறின்னா உனக்கு வேண்டாத சமாசாரம். தாண்டிப் போயிடு."

"சரிங்க."

வாசலைத் தாண்டுவதற்கே அவரைக் கேட்க வேண்டியவள், வேறென்ன சொல்வாள்?

இந்த முறை வந்தது பெண்களுக்கான நானூறு பக்கக் கையேடு. ஒரு வாரம் உட்கார்ந்து குறி போட்டுக் கொடுத்தார். பிறகு தினமும் சாப்பாட்டு மேசையில் பரீட்சை.

"துணியில எண்ணெய்க் கறை பட்டா?"

தட்டுத் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள்.

"பெருக்கல் குறி பக்கம் போனியா?"

"எனக்கெதுக்குங்க அதெல்லாம்?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, வேலை முடிந்து வந்தவரை வெறும் வீடு வரவேற்றது. அலமாரியில் அவள் புடவைகள் இல்லை. மேசையில் கையேடு மட்டும் இருந்தது.

பதறிப் புரட்டினார். கோடு போட்ட பக்கங்கள் அப்படியே இருந்தன. பெருக்கல் குறிகளின் ஓரத்தில்தான் அவள் கையெழுத்து.

'வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?' என்ற இடத்தில், "அனுப்பியாச்சு."

'பெண்கள் விடுதியில் இடம் பெறுவது எப்படி?' என்ற இடத்தில், "கிடைச்சாச்சு."

கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தாள்:

"நானூறு பக்கத்துல எனக்கு வேண்டியது எங்க இருக்குன்னு தேடியே ஓஞ்சிருப்பேன். குறிச்சுக் கொடுத்ததுக்கு நன்றிங்க."